63 நாளுக்கு ஒரு வீடு: ஒரு தற்காலிக வாடகைத் தேடலின் முழுக் கணக்கு

“எத்தனை நாளைக்கு வேணும் சார்?”

“ஒரு ரெண்டு மாசம் இருக்கும்மா. முன்னப்பின்ன ஆகலாம்.”

முதல் தொலைபேசிப் பேச்சு அரைமணி நேரம் நடந்தது. எந்தப் பகுதி, எத்தனையாவது மாடி, பால்கனி உண்டா என்று அவர் சொன்ன விருப்பங்கள் எல்லாம் பின்னால் ஒவ்வொன்றாக மாறிப்போயின. கடைசி வரை மாறாமல் நின்றது அந்த ‘முன்னப்பின்ன’ ஒன்றுதான். அதற்குத்தான் வீடு தேடினோம் என்று இப்போது தோன்றுகிறது.

பெருநகரங்களுக்குக் கொஞ்ச காலத்துக்கு வருகிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் கம்பெனி அனுப்பும் ஆட்கள் வருவார்கள்; செலவு கம்பெனியுடையது, தேதியும் கம்பெனி சொல்வது. இந்த முறை வந்தது ஓய்வுபெறும் வயதை நெருங்கிய கணவரும், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுக்க வேண்டிய அவர் மனைவியும். அவர்களை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் நகரத்தின் பெயரை எழுதவில்லை. பணத்தையும் நாணயமாகச் சொல்லாமல் விகிதமாகச் சொல்கிறேன். அந்தப் பகுதியில் சாமான் எதுவும் இல்லாத ஒரு படுக்கையறை வீடு, வருட ஒப்பந்தத்தில் மாதத்துக்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் தொகைகள் எல்லாம் அந்த 100-ஐ ஒட்டியவை.

நாள்கணக்கு

மருத்துவர் எழுதிக் கொடுத்தது 33 அமர்வு. வாரத்தில் 5 நாள், சனி ஞாயிறு கிடையாது. எனவே ஏழாவது வாரத்தில் முடியும். அதற்கு முன்னால் முகத்துக்கு அச்செடுத்து முகமூடி செய்ய, திட்டமிடும் ஸ்கேன் எடுக்க ஒரு வாரம். முடிந்தபின் ஊர் திரும்பும் தெம்பு வர ஒரு வாரம். மொத்தம் 9 வாரம், 63 நாள்.

அவர் சொன்ன “ரெண்டு மாசம்” இப்படித்தான் 63 ஆனது. நான் அங்கே நிற்கவில்லை. எதெல்லாம் இதை நீட்டும் என்று மருத்துவமனையில் கேட்டு வரச் சொன்னேன். வாய்ப்புண் முற்றினால் இடையில் நிறுத்துவார்கள், இயந்திரம் பழுதானால் தள்ளிப்போகும், விடுமுறை நாள் கணக்கில் சேராது என்று பதில் வந்தது. தாளில் இரண்டு எண்களை எழுதினேன்: குறைந்தது 63, அதிகம் போனால் 80.

இந்த இரண்டு எண்ணையும் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே எழுதியாக வேண்டும். பெருநகரத்தில் தற்காலிக வீடு கிடைக்குமா என்பதை முதலில் தீர்மானிப்பது வாடகை அல்ல, சட்டம் போட்டு வைத்திருக்கும் நாள்கோடு. நியூயார்க்கில் அந்தக் கோடு 30 நாள். அதற்குக் குறைவாக ஒரு முழு வீட்டை, வீட்டுக்காரர் உடன் தங்காமல், வாடகைக்கு விட முடியாது. 2023 செப்டம்பரில் ‘உள்ளூர்ச் சட்டம் 18’ அமலுக்கு வந்தபின் மாநகராட்சியில் பதிவில்லாத வீடுகளின் குறுகிய கால முன்பதிவை இணையத் தளங்கள் ஏற்கவே கூடாது என்றாகிவிட்டது. நம் 63 நாளுக்கு அங்கே தடையில்லை. அதே 63 நாளோடு சிங்கப்பூர் போனால் சட்டப்படி சாதாரணக் குடியிருப்பு வீடு எதுவும் கிடையாது. தனியார் குடியிருப்பில் குறைந்தது 3 மாதம் தங்க வேண்டும். 2017 நடுவில் குறைப்பதற்கு முன் அது 6 மாதமாக இருந்தது. அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடென்றால் இன்றும் 6 மாதம்தான். லண்டனில் கணக்கு வேறு மாதிரி. திட்ட அனுமதி வாங்காத வீட்டை ஒரு நாள்காட்டி வருடத்தில் 90 இரவு வரைதான் குறுகிய கால வாடகைக்கு விடலாம். 63 இரவு அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும் என்பதால், வருடக் கடைசியில் தேடுகிறவருக்கு மீதி வைத்திருக்கும் வீடு அரிது.

பாரிஸைச் சொன்னால் கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பொறாமை வரும். 2018-இல் கொண்டுவந்த ஒரு வகை ஒப்பந்தத்தில் சாமானோடு கூடிய வீட்டை 1 முதல் 10 மாதம் வரை எடுக்கலாம், முன்பணமே வாங்கக் கூடாது. ஆனால் படிப்பு, பயிற்சி, தற்காலிகப் பணி மாதிரியான காரணங்களுக்கு மட்டும். சிகிச்சை அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் எழுதியவர்களுக்கு நோயாளியின் துணைக்கு வருகிறவர் நினைவுக்கு வரவில்லை போலும்.

எங்கள் நகரத்தில் 63 நாளுக்குச் சட்டத் தடை இல்லை. சந்தையில் தடை இருந்தது. சாமானோடு வாடகைக்கு விடுகிற நல்ல இடங்கள் எல்லாம் 3 மாதத்துக்குக் குறைந்து பேசவே தயாராக இல்லை.

கதவு உள்ள படுக்கையறை

செலவைக் குறைக்க, ஹாலும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும் ஸ்டுடியோ போதாதா என்று அவரே கேட்டார். போதாது என்றேன். கதிர்வீச்சு மூன்றாவது வாரத்தைத் தாண்டும்போது சமையல் வாசனையே நோயாளிக்குக் குமட்டும். இரவில் இருமல் இருக்கும். துணைக்கு இருப்பவர் நான்கு மணிநேரமாவது தூங்கினால்தான் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியும். அதனால் நான் கேட்கும் முதல் கேள்வி சதுர அடி அல்ல: படுக்கையறைக்கு மூடுகிற கதவு உண்டா, திறக்கிற ஜன்னல் உண்டா?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. ‘ஜூனியர் ஒன் பெட்ரூம்’ என்று போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் ஸ்டுடியோவில் ஒரு மூலையை அலமாரி வைத்து மறைத்திருக்கும். அறையை எண்ணும் முறையும் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் ஹாலையும் ஓர் அறையாக எண்ணுவதால் நாம் 1 பிஎச்கே என்று சொல்வது அங்கே 2 அறை வீடு. 1 அறை என்று தேடினால் ஸ்டுடியோதான் வரிசையாக வரும். பாரிஸில் அதன் பெயர் டி2. மான்ட்ரியலில் மூன்றரை: ஹால், சமையலறை, படுக்கையறை என மூன்று, குளியலறை அந்த அரை. ஜப்பானில் 1எல்டிகே. தேடும் பெட்டியில் தவறான எண்ணைப் போட்டுவிட்டு ‘இந்த ஊரில் வீடே இல்லை’ என்று இரண்டு வாரம் புலம்பியவர்களை எனக்குத் தெரியும்.

மற்ற நிபந்தனைகள் சுருக்கமானவை. லிஃப்ட் வேண்டும், மருத்துவமனைக்கு 20 நிமிடத்துக்குள் போக வேண்டும், சமையலறையில் மிக்ஸி ஓட வேண்டும். கடைசியது அவர் மனைவி கேட்டது. விழுங்க முடியாத நாட்களில் எல்லாவற்றையும் அரைத்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

தள்ளிய நான்கு

முதல் வீடு ஒரு முன்பதிவுத் தளத்தில் வந்தது. இரவுக்கு 8. பெரிய தளங்களில் 28 இரவோ அதற்கு மேலோ என்றால் மாதத் தங்கல் என்று தனியாகப் பார்ப்பார்கள். பல வீட்டுக்காரர்கள் மாதத் தள்ளுபடி வைத்திருப்பார்கள், ரத்து விதியும் வேறாகிவிடும். இந்த வீட்டில் தள்ளுபடி போக 30 நாளுக்கு 190. 63 நாளுக்கு 399, சுத்தம் செய்யும் கட்டணமும் சேவைக் கட்டணமும் 31, மொத்தம் 430. வீடு நன்றாகவே இருந்தது. தடுத்தது முன்பதிவு நாள்காட்டி. எங்கள் 63-ஆவது நாளுக்கு மறுநாளே வேறொருவர் பதிவு செய்திருந்தார். சிகிச்சை ஒரு நாள் தள்ளினாலும் நோயாளியோடு பெட்டி தூக்க வேண்டும்.

இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் ஏறக்குறைய பணம் கட்டிவிட்டார்.

அதை அவரே கண்டுபிடித்து எனக்கு அனுப்பினார். சாமானோடு மாதம் 85. சாமான் இல்லாத வீடே 100 போகும் இடத்தில் 85 என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவருக்கோ அதிர்ஷ்டமாகப் பட்டது. வீட்டுக்காரர் வேலை நிமித்தம் வெளிநாட்டில் இருக்கிறாராம், சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். ஒரு மாத வாடகையும் முன்பணமும் அனுப்பினால் போதும், வீடு பிடிக்காவிட்டால் திருப்பிவிடுவார். மனைவியின் உடல்நிலையை இரண்டு முறை விசாரித்திருக்கிறார். “நல்ல மனுஷன் மாதிரிதான் பேசறார்மா” என்றார் இவர்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படுக்கையறைச் சுவரில் இருந்த பிளக் பாயின்டில் மூன்று செவ்வகத் துளைகள். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா பக்கம் உள்ள வகை அது. எங்கள் நகரத்துச் சுவர்களில் வட்டத் துளைதான். படத்தைக் கொடுத்துத் தேடிப்பார்த்தபோது அதே சோபா வேறொரு நாட்டு ஹோட்டல் பக்கத்தில் இருந்தது. அதன் பிறகும் அவர் அரைமனதாகத்தான் இருந்தார். படம் மட்டும் மாறிப்போயிருக்கலாமே என்று கேட்டார். சரி, ஒரு சோதனை செய்வோம் என்று வீட்டுக்காரருக்கு எழுதச் சொன்னேன்: வீட்டில் உங்கள் ஆள் யாராவது இருந்தால் சமையலறைக் குழாயைத் திறந்து, அப்படியே ஜன்னல் வழியாகத் தெருவைக் காட்டி, ஒரு நிமிட வீடியோ அனுப்பட்டும். பதில் வரவில்லை. மறுநாள், இன்னொரு குடும்பம் பணம் கட்டத் தயாராக இருக்கிறது, மாலைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று வந்தது. அதைப் படித்தபின்தான் அவர் விட்டார்.

இந்த வகை மோசடிக்கு வெளியூர்க்காரர்தான் இலக்கு. நேரில் போய்ப் பார்க்க முடியாது, தேதி நெருங்குகிறது, பெட்டியோடு வந்து இறங்கியே ஆக வேண்டும். வங்கி மாற்றலாகவோ கிரிப்டோவாகவோ போன பணம் திரும்புவது அபூர்வம். அதனால் எனக்கு ஒரே விதி: வீட்டுக்குள் என் ஆள் ஒருவர் கால் வைக்கும் வரை ஒரு காசு போகக்கூடாது. நண்பரின் நண்பர், உடன் வேலை பார்ப்பவரின் தம்பி, யாராக இருந்தாலும் சரி. ஆளே இல்லாவிட்டால் முதல் 4 இரவு ஹோட்டலில் தங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அந்தச் செலவு வீணில்லை.

மூன்றாவது வீடு உள்வாடகை. குடியிருப்பவர் இரண்டு மாதம் வெளியூர் போகிறார், மாதம் 110. நாங்கள் பார்த்த ஐந்தில் மனசுக்குப் பிடித்த வீடு அதுதான். சமையலறையில் வெயில் விழும். வீட்டு உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் கேட்டேன். “யாராவது கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க” என்றார். சிகிச்சையின் ஐந்தாவது வாரத்தில் உரிமையாளர் கதவைத் தட்டினால் அந்தப் பொய்யை யார் சொல்வது, நோயாளியா? தள்ளினோம். இப்போதும் அந்தச் சமையலறையை நினைத்தால் கொஞ்சம் வருத்தம்தான்.

நான்காவதில் தப்பு என் மேல். லிஃப்ட் உண்டு என்று எழுதியிருந்தது, வீடியோவிலும் லிஃப்ட் தெரிந்தது. ஏறக்குறைய பேசி முடித்துவிட்டேன். நேரில் போன அன்று பார்த்தால் தெருவிலிருந்து லிஃப்ட் வாசல் வரை 7 படி, கைப்பிடி இல்லை. லிஃப்ட் உண்டா என்று கேட்டேனே தவிர லிஃப்ட் வரை என்ன உண்டு என்று கேட்கவில்லை. இப்போது என் பட்டியலில் அந்தக் கேள்வியும் சேர்ந்துவிட்டது.

ஒப்பந்தம்

ஐந்தாவது வீட்டை ஓர் ஏஜென்ட் காட்டினார். சாமானோடு மாதம் 140, மின்சாரம் ஒரு வரம்பு வரை உள்ளடக்கம், வைஃபை உண்டு, குறைந்தது 3 மாதம், ஒரு மாத முன்பணம். படுக்கையறைக்குக் கதவு இருந்தது, ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மரம் இருந்தது. காலை 7:40 அமர்வுக்குப் போகிற நேரத்திலேயே ஆளை அனுப்பிப் பார்த்தேன்: 17 நிமிடம்.

கணக்கு இங்கேதான் சுவாரசியமாகிறது. 63 நாள் முன்பதிவுத் தளத்தில் 430. இங்கே 90 நாளுக்கு 420. ஏஜென்ட் கமிஷன் 20, கடைசிச் சுத்தம் 6 சேர்த்தால் 446. சும்மா கிடக்கப்போகும் 27 நாளுக்கு ஏன் வாடகை என்று கேட்டார். அது சும்மா கிடக்காது, நீங்கள் சொன்ன ‘முன்னப்பின்ன’வின் விலை அது என்றேன். ஆனாலும் அவ்வளவையும் கொடுக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது.

வீட்டுக்காரரின் பயம் என்ன? குடியிருப்பவர் திடீரென்று கிளம்பி, வீடு ஒரு மாதம் காலியாகக் கிடப்பது. அந்தப் பயத்துக்கு 90 நாள் தேவையில்லை, போதிய முன்னறிவிப்பு இருந்தால் போதும். எனவே இப்படிக் கேட்டோம்: ஒப்பந்தம் 3 மாதத்துக்கே இருக்கட்டும். முதல் 60 நாளுக்கு எங்களால் வெளியேற முடியாது. அதற்குப் பிறகு 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து எந்த நாளும் காலி செய்யலாம், தங்கிய நாளுக்கு மட்டும் வாடகை. மறுபக்கம், 90 நாள் முடிய 14 நாள் இருக்கும்போது கேட்டால் மேலும் 30 நாள் அதே வாடகையில் தர வேண்டும். மருத்துவரின் சிகிச்சைத் திட்டக் கடிதத்தையும் இணைத்தோம். இரண்டு நாள் கழித்து வாடகையை 145 ஆக்கினால் சரி என்று பதில் வந்தது. நான் பேரம் பேசவில்லை. அந்த 5-ஐ வாங்கியபின் அவருக்கு மனம் மாறாது.

முன்பணத்தைக் குறைக்கச் சொன்னது மட்டும் நடக்கவில்லை. 3 மாதத் தங்கலுக்கு ஒரு மாத முன்பணம் அதிகம் என்பது என் கருத்து. உலகத்து விதிகள் என் பக்கம் இல்லை. நியூயார்க்கில் 2019-லிருந்து உச்சவரம்பு ஒரு மாத வாடகை. இங்கிலாந்தில் அதே 2019 ஜூனிலிருந்து பெரும்பாலான வீடுகளுக்கு 5 வாரம். ஜெர்மனியில் அடிப்படை வாடகையில் 3 மாதம் வரை வாங்கலாம், ஆனால் குடியிருப்பவர் அதை 3 தவணையாகக் கட்டலாம். ஒரு மாதத்தோடு நின்றதே போதும் என்று கையெழுத்துப் போட்டோம்.

நுழைந்த அன்று பெட்டியைத் திறக்கும் முன் வீடு முழுக்க வீடியோ எடுக்கச் சொன்னேன். குழாய் ஒவ்வொன்றையும் திறந்து மூடி, அடுப்பைப் பற்றவைத்து, மெத்தையைத் தூக்கிக் காட்டி, மீட்டர் எண்ணில் முடிக்க வேண்டும். 11 நிமிட வீடியோ. அன்றே ஏஜென்டுக்கும் அனுப்பினோம், தேதி பதிவாக வேண்டும் என்பதற்காக. ஹால் திரையின் கயிறு அறுந்திருந்தது அதில் தெரிந்தது.

நடந்தது

இயந்திரப் பழுதில் 2 நாள் போனது. பொது விடுமுறை ஒன்று. ஐந்தாவது வாரத்தில் வாய்ப்புண் முற்றி மருத்துவரே 6 நாள் நிறுத்தினார். வேலைநாளாகப் பார்த்தால் 9, சனி ஞாயிறு சேர்த்து நாள்காட்டியில் 13. அந்த 6 நாளில் கணவர் எனக்குப் போன் செய்தார், வீட்டைப் பற்றி அல்ல. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

62-ஆவது நாள் முன்னறிவிப்புக் கொடுத்தார்கள், 76-ஆவது நாள் காலி செய்தார்கள். 76 நாள் வாடகை 367, கமிஷன் 20, சுத்தம் 6: மொத்தம் 393. நிபந்தனை இல்லாமல் 140-க்கே ஒப்புக்கொண்டிருந்தால் 446 போயிருக்கும். முன்பதிவுத் தளத்து வீடென்றால் 430-க்கு மேல், கூடுதல் 13 இரவுக்கு நாள்விலையில் 104 சேர்ந்து 534. அதுவும் மறுநாள் வரவேண்டியவர் வராமல் இருந்திருந்தால்.

முன்பணத்தில் மெத்தைக் கறைக்கு 4 பிடித்தார்கள். நியாயம்தான். திரைக்கயிற்றுக்கு 9 கேட்டார்கள். வீடியோவின் மூன்றாவது நிமிடத்தைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி எழுதினேன். 19 நாளில் மீதி 141 வந்து சேர்ந்தது.

மூன்று மாதம் கழித்து மறுபடி அவர் குரல். செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

“அந்த வீடு இப்ப காலியா இருக்காம்மா? ஜன்னல் பக்கத்து மரத்தை அவ சொல்லிட்டே இருக்கா.”

“எத்தனை நாளைக்கு சார்?”

“ரெண்டு நாள்.”

“ரெண்டு நாள்னா நிச்சயமா ரெண்டே நாள்தானா?”

சிரித்தார். “இந்தத் தடவை நிச்சயம்மா.”

“அப்ப ஆஸ்பத்திரிக்கு எதிர்லயே ஹோட்டல் இருக்கு சார். வாசல்ல படி கிடையாது, பார்த்துட்டேன்.”